நியூட்டன் பெட்டியும் எங்க ஊர் தேனும்

எங்க குமரி மாவட்டத்தில், அதுவும் மார்த்தாண்டம் பக்கத்தில், தேனீ வளர்க்கிறவனிடம் போய் "நியூட்டன் பெட்டி" என்று சொன்னால் உடனே புரிஞ்சுக்குவான். ஆனால் அந்த நியூட்டன் யாரு என்று கேட்டால் பாதிப்பேர் ஆப்பிள் விழுந்த கதையைத்தான் சொல்லுவாங்க. அவர் வேற, இவர் வேற. இவர் ஒரு பாதிரியார். 1911 முதல் 1917 வரைக்கும் தென்னிந்தியாவில் நிறையப் பேருக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுத்தவர். நம்ம நாட்டுத் தேனீக்குன்னு ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தவரும் அவர்தான்.

பெட்டி வருவதற்கு முன்னால் தேன் எடுப்பது எப்படி இருந்தது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கேன். மரப்பொந்து, பாறை இடுக்கு, சுவர்ப்பொத்தல் எங்கே கூடு இருந்தாலும் ராத்திரி சூட்டு கத்திச்சுட்டுப் போவாங்க. சூட்டு என்றால் காய்ந்த தென்னோலையைச் சேர்த்துக் கட்டின பந்தம். பாதி ஈ தீயில் போகும், மீதி பறந்து போகும். அடையை மொத்தமா அறுத்து, துணியில் போட்டுப் பிழிவாங்க. தேனோடு சேர்ந்து புழுவும் மகரந்தமும் பிழிபடும். அந்தத் தேன் ரொம்ப நாள் நிற்காது, புளிச்சுப் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த வருஷம் அந்தப் பொந்தில் கூடு இருக்காது.

இதை மாற்றினது ஒரு சின்ன இடைவெளி. அமெரிக்காவில் பிலடெல்பியா ஊரில் லாங்ஸ்ட்ராத் என்று ஒரு பாதிரியார் இருந்தார். (தேனீ விஷயத்தில் பாதிரியார்கள் ஏன் இத்தனை பேர் வர்றாங்க என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் நேரம் கிடைச்சிருக்கும் போல.) 1851-ல் அவர் கவனிச்சது இதுதான். ஆறு மில்லிமீட்டருக்குக் குறைவான சந்து இருந்தால் ஈ அதைப் பிசின் வச்சு அடைச்சிடுது. ஒன்பது மில்லிமீட்டருக்கு மேலே இருந்தால் அங்கேயும் அடை கட்டிடுது. ரெண்டுக்கும் நடுவிலே இருந்தால் நடமாட வழியாக விட்டுவிடுது. இந்த அளவுக்கு இடம் விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால் எந்தச் சட்டத்தையும் அறுக்காமல் தூக்கலாம், பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். 1852-ல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் பார்த்தவன் எல்லாம் அதே மாதிரி செய்துகொண்டதால் அவருக்குப் பெரிசா காசு ஒன்றும் தேறலை.

அதுக்குப் பின்னால் வந்ததெல்லாம் சடசடவென்று வந்தது. 1857-ல் ஜெர்மனியில் மேரிங் என்ற தச்சர் மெழுகுத் தகட்டில் அறுகோண அச்சு பதிக்க வழி கண்டுபிடித்தார். 1865-ல் ருஷ்கா என்கிற ஆஸ்திரிய ராணுவ மேஜர், அடையைச் சுழற்றித் தேனை மட்டும் தெறிக்கவைக்கும் டிரம்மைக் காட்டினார். இன்றைக்கும் நாங்க கைப்பிடி சுற்றுகிற அதே டிரம்தான். அடை உடையாமல் திரும்பப் பெட்டிக்கே போவதுதான் இதில் பெரிய லாபம். ஒரு கிலோ மெழுகு செய்ய ஈ ஆறேழு கிலோ தேனைச் சாப்பிட வேண்டியிருக்கும் என்று கணக்குச் சொல்வாங்க.

சரி, லாங்ஸ்ட்ராத் பெட்டியையே இங்கேயும் வச்சுக்கிட்டால் என்ன? அங்கேதான் விஷயம். அது வெள்ளைக்காரன் நாட்டு ஈக்குச் செய்தது. அது பெரிய ஈ, பெரிய குடும்பம். நம்ம அடுக்குத்தேனீ உருவத்திலும் சின்னது, குடும்பமும் சின்னது. பெரிய பெட்டியில் போட்டால் மூலையெல்லாம் காலியாகக் கிடக்கும், காவல் இருக்காது, மெழுகு அந்துப்பூச்சி நுழைஞ்சு அடையைத் தின்னும். கொஞ்ச நாளில் கூடு எழும்பிப் போயிடும். நியூட்டன் செய்தது பெட்டியைச் சுருக்கினது. கீழே புழு அறையில் ஏழு சட்டம், மேலே தேன் அறை அதைவிட உயரம் குறைவு. சாதாரண வேலை மாதிரித் தெரியும். ஆனால் இருக்கிற ஈயைப் பார்த்துப் பெட்டி செய்தாரே, அதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன்.

1924-ல் அது எங்க ஊருக்கு வந்தது. அப்போ இது திருவிதாங்கூர் ராஜ்யம். ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராம முன்னேற்ற வேலை செய்த ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர், தேனீப்பெட்டியைச் சின்ன விவசாயிகள் கையில் கொடுத்தார். மூணு சென்ட், அஞ்சு சென்ட் வச்சிருக்கிறவன் மாடு வளர்க்கப் புல்லுக்கு எங்கே போவான்? ஈக்கு வேலி கிடையாது. பெட்டி என் முற்றத்தில், மேய்ச்சல் அடுத்தவன் தோட்டத்தில். யாரும் சண்டைக்கு வரமாட்டான். பிறகு ரப்பர் பெருகினது இன்னும் வசதி. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில் இருக்கிற சுரப்பியில் ஊறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் எங்களுக்கு அதுதான் அறுவடை.

பாதுகாப்பு உடையைப் பற்றியும் சொல்லணும். புருகல் என்கிற ஓவியர் 1568 வாக்கில் வரைந்த படம் ஒன்று இருக்கு. அதில் தேன்காரர்கள் முகத்தில் கூடை முடைகிற மாதிரிப் பின்னின வட்ட மூடி போட்டிருப்பாங்க. பிறகுதான் வலை வந்தது. வலை கறுப்பாக இருக்கணும், கறுப்பு வழியாகத்தான் கண் தெளிவாகப் பார்க்கும். சட்டை வெள்ளையாக இருக்கணும், கருத்த துணியைக் கண்டால் ஈ பாயும். எங்க அப்பா முகவலை மட்டும்தான் போடுவார், கையுறை போட்டதே இல்லை. கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு இல்லாமல் ஈயை நசுக்கிடுவோம், நசுங்கின ஈ விடுகிற வாசனையில் மற்றதெல்லாம் கொட்ட வரும். புகை அந்த வாசனையை மறைக்கும். அதுக்குத்தான் புகைப்பான், அதில் தேங்காய் நார் போட்டால் போதும். ஆனால் புதுசா தொடங்குகிறவங்க உடுப்போடு போங்க. சிலருக்கு ஒரே கொட்டில் மூச்சு முட்டும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகும்.

இனி சொல்ல வர்றது மனசுக்குக் கஷ்டமானது. 1991, 92-ல் தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் வந்தது. 1976-ல் தாய்லாந்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். புழு கூட்டுப்புழுவாக மாறாமல் தண்ணி நிறைஞ்ச பை மாதிரி ஆகிச் செத்துப்போகும். மருந்து கிடையாது. அப்போ எங்க வீட்டில் 32 பெட்டி. ஒரு வருஷத்துக்குள் மிஞ்சினது ரெண்டு. அந்த வருஷம் தேன் காசை நம்பி வச்சிருந்த என் தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போச்சு. காலிப்பெட்டியில் அம்மா கோழியை அடைகாக்க வச்சாங்க. அப்பா அதைப் பார்த்துக்கிட்டு ஒண்ணும் பேசாமல் இருப்பார்.

திரும்ப வந்தது காட்டிலிருந்துதான். நோயைத் தாங்கிப் பிழைச்ச கூட்டங்கள் பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் இருந்தன. அப்பா பழைய பெட்டிக்குள் மெழுகைத் தேய்ச்சு அயனி மரத்தடியில் வைப்பார். பிரிஞ்சு வர்ற கூட்டம் சிலது அதில் ஏறும். நாலஞ்சு வருஷத்தில் 12 பெட்டி ஆச்சு. அந்த நேரத்தில் சிலர் இத்தாலியன் ஈக்கு மாறச் சொன்னாங்க. அது தேன் கூடத் தரும், சரிதான். ஆனால் பெரிய பெட்டி வேணும், பூ இல்லாத காலத்தில் சர்க்கரைத் தண்ணி ஊத்தணும், இடம் இடமாகத் தூக்கிட்டுப் போகணும். பத்துப் பெட்டிக்காரனுக்குக் கட்டுப்படியாகாது.

இப்போ எனக்கு இருக்கிற கவலை அளவைப் பற்றினது. நியூட்டன் புழு அறைச் சட்டம் உள்ளளவு 20.7 சென்டிமீட்டர் நீளம், 14.4 சென்டிமீட்டர் உயரம். இப்போ கடையில் விற்கிற பெட்டிகளில் ஒன்றின் சட்டம் இன்னொன்றில் பொருந்தலை. போன மாசம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருத்தர் வாங்கின பத்துப் பெட்டியில் நாலில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் சந்து. ஈ அங்கேயும் அடை கட்டிச் சுவரோடு ஒட்டிடுச்சு, சட்டத்தைத் தூக்கினால் புழு பிய்யுது. பெட்டி வாங்கப் போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டு போங்க. உங்க வீட்டில் ஏற்கெனவே இருக்கிற சட்டம் ஒன்றையும் எடுத்துட்டுப் போய் உள்ளே இறக்கிப் பாருங்க. இன்னும் ரெண்டு மாசத்தில் ரப்பர் தளிர்விடும், அதுக்கு முன்னால் பெட்டியைச் சரிபார்த்து வச்சிடணும்.