திமிங்கிலங்களும் நீரடி இரைச்சலும்

கப்பல், சோனார், எண்ணெய்த் தேடல் வெடியொலி முதலிய மனித ஒலிகளுக்குத் திமிங்கிலங்கள் காட்டும் உடல், நடத்தை மாற்றங்கள். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால் இவ்விரைச்சல் நெடுந்தொலைவு பரவும்.

முதன்மை விளைவு ஒலிமறைப்பு, அதாவது இரைச்சல் திமிங்கிலங்களின் குரலை மூழ்கடிப்பது. ஒகேனக்கல் பேரருவிக்கு எதிரே பரிசலில் இருப்பவர்கள் கத்திப் பேசுவதைப் போல, ஓர்க்காக்களும் (கொலைத் திமிங்கிலங்கள்) சுற்றிரைச்சல் ஏறும் அளவுக்குக் குரலை உயர்த்துகின்றன. நீலத்திமிங்கிலத்தின் அழைப்பொலியும் சரக்குக் கப்பலின் இரைச்சலும் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அமைவதால் இவற்றிடையே குழப்பம் மிகுதி. இலங்கையின் தெய்வேந்திரமுனை, மிரிசை அருகே நீலத்திமிங்கிலங்கள் இரை தேடும் பகுதியிலேயே உலகின் நெரிசல்மிக்க கப்பல்தடம் ஒன்று செல்கிறது. 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது; இரைச்சலைக் குறைப்பதன்று, திமிங்கிலங்களோடு மோதுவதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்துக் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் குறைந்து இரைச்சல் 6 டெசிபெல் தணிந்தது. அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் மலத்தில் மன அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. 2000இல் பகாமாசில் அமெரிக்கக் கடற்படையின் சோனார் பயன்பாட்டை அடுத்து அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கின.

2016 சனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியபோதும் இரைச்சல் காரணமாகப் பேசப்பட்டது. ஆனால் 1973இலும் அதே கரையில் அவ்வாறு நிகழ்ந்ததால், இரைச்சலை மட்டும் காரணமாகக் கொள்வது பொருந்தாது.