களைப்பை அளந்த கதை

நிறையை அளக்கப் படிக்கல் உண்டு. நீளத்தை அளக்க முழக்கோல் உண்டு. களைப்பை அளக்க என்ன உண்டு? உயர்ந்த சாரத்தின்மீது நிற்கும் கொத்தனாருக்கு இஃது உயிர் பற்றிய வினா. களைத்தவனுக்குக் கால் தடுமாறும் முன்பே கணிப்புத் தடுமாறிவிடுகிறது. இன்னும் ஒரு வரிசை கட்டிவிடலாம் என்றே அவன் எண்ணுவான்.

இத்தாலியில், டூரின் நகரப் பேராசிரியர் ஆஞ்செலோ மோசோ இதற்கொரு கருவி செய்தார்; எர்கோகிராப் என்பது அதன் பெயர். கையை அசையாமற் பிணைத்து, நடுவிரலில் மாட்டிய கயிற்றின் நுனியில் எடையைத் தொங்கவிட்டார். ஒவ்வோர் இழுப்பும் உருளைக் காகிதத்தில் கோடாகப் பதிந்தது. கோடுகள் வரவரக் குறுகி நின்றுபோயின. வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த சக ஆசிரியர் ஒருவரின் விரலையும் சோதித்தார். அது விரைவிலேயே தளர்ந்தது. ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்திய எனக்கு இதில் வியப்பில்லை! களைப்பைப் பற்றிய மோசோவின் நூல் 1891இல் வெளிவந்தது.

ஆனால் கட்டடங்கள் ஆய்வுக்கூடத்தில் எழுவதில்லை. அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்பவர் 1885இல், தம் 17ஆம் வயதில், கொத்துவேலை பழகச் சேர்ந்தார். செங்கற்கள் காலடியில் குவிந்து கிடந்தன. கல்லுக்குக் கல் கொத்தனார் குனிந்து நிமிர்ந்தார். ஏறத்தாழ 5 பவுண்டுக் கல்லை எடுக்க 150 பவுண்டு உடம்பு 2 அடி இறங்கி ஏறுகிறது என்று, பொறியியலாளர் டெய்லர் தமது 1911ஆம் ஆண்டு நூலில் இதனைக் கணக்கிட்டார். கில்பிரெத், சுவர் வளர வளர உயர்த்தக்கூடிய சாரம் அமைத்து, கல்லையும் சாந்தையும் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தார். 18 அசைவுகள் 5 ஆயின. மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்தது.

மிச்சப்பட்ட வலிமை யாருக்குச் சேர்ந்தது? 350 கல் வைத்தவன் மாலையில் களைப்புக் குறைந்தா வீடு திரும்பினான்? கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1916இல் களைப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதி, ஓய்வு நேரமும் அமர நாற்காலியும் வேண்டுமென்று வற்புறுத்தினர்.

முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த வெர்னன், பெண்களின் வேலைநாள் 12 மணியிலிருந்து 10 மணியாகக் குறைந்த ஓர் ஆலையில் விபத்துகள் பாதிக்கும் கீழே இறங்கியதைக் கண்டார்.

இன்று சில கட்டட வேலையிடங்களில், நாடித் துடிப்பை எண்ணும் பட்டையைத் தொழிலாளியின் மணிக்கட்டில் கட்டுகிறார்கள். அக்கணக்கைப் பார்க்கும் மேற்பார்வையாளர் அவனைச் சற்று நிழலில் உட்காரச் சொல்லலாம். நாளை வரவேண்டாம் என்றும் சொல்லலாம். கூலி போய்விடுமென்று அஞ்சுபவன் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டே சாரம் ஏறுவான்.