ராபர்ட் ஷூமன்: மனநோயும் இசைப்பணியும்

ராபர்ட் ஷூமன் (8 ஜூன் 1810 – 29 ஜூலை 1856) ஜெர்மானிய இசையமைப்பாளர், இசை விமர்சகர். சாக்சனியில் உள்ள ஸ்விக்காவ் நகரில் புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் படிக்க 1828இல் லைப்சிக் நகருக்குப் போனவர், படிப்பைக் கைவிட்டு இசைக்கே வந்து சேர்ந்தார். நான்கு சிம்பொனிகளையும், பியானோ, செல்லோ, வயலின் ஆகியவற்றுக்கான கான்செர்ட்டோக்களையும், ஏராளமான பாடல்களையும் விட்டுச் சென்றார். கடும் மனச்சோர்வும் அச்சமும் இளமை தொட்டு விட்டுவிட்டு அவரைத் தாக்கின. வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மனநோய் விடுதியில் கழிந்தன. மேதைமைக்கும் பித்துக்கும் நூலிழைதான் இடைவெளி என்று பேசுவோர் அடிக்கடி காட்டும் பெயர் இவருடையது. ஆனால் இவருடைய வாழ்க்கைப் பதிவுகளை ஆண்டு ஆண்டாகப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. நோய் இறங்கியிருந்த காலங்களில், பழகிய உழைப்பாலும் உடனிருந்தவர்களின் துணையாலும் எழுந்ததுதான் ஷூமனின் இசை. நோய் முற்றியபோதெல்லாம் அது நின்றுபோனது.

நோயின் போக்கு

1825இல் அக்காள் எமிலி, 1826இல் தந்தை என்று அடுத்தடுத்து நேர்ந்த சாவுகள் ஷூமனின் பதின்பருவத்தை உலுக்கின. 1833இல் அண்ணன் ஒருவரும் அண்ணி ஒருவரும் இறந்தபோது மனம் நிலைகுலைந்தது. புத்தி பேதலித்துவிடுமோ என்ற பயம் அன்று முதல் அவரை விடவில்லை. 1844இல் மனைவி கிளாராவின் ரஷ்யக் கச்சேரிப் பயணத்துக்கு உடன் சென்று திரும்பியபின் மறுபடி விழுந்தார். தூக்கம் போனது. உயரமான இடங்களைக் கண்டாலே நடுங்கினார். இசையைக் கேட்பதே வேதனையாகிவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் குடும்பம் டிரெஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1850இல் டுசல்டார்ஃப் நகர இசை இயக்குநரானார். 1854 பிப்ரவரியில் காதுக்குள் ஓயாத ஒலிகளும் குரல்களும் கேட்கத் தொடங்கின. அம்மாதம் 27ஆம் நாள் ரைன் ஆற்றில் குதித்தார், படகோட்டிகள் காப்பாற்றினர். மார்ச் 4 அன்று, தாமே கேட்டுக்கொண்டபடி, பான் நகரை அடுத்த எண்டனிக் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். நோய் என்ன என்பதில் மருத்துவ அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. மனச்சோர்வும் மனஎழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்பர் சிலர். இளமையில் தொற்றிய மேகநோய் மூளையைத் தாக்கியது என்பர் சிலர். இரண்டும் சேர்ந்திருந்தன என்போரும் உண்டு. ஆனால் படைப்பு எப்போது பெருகியது, எப்போது வற்றியது என்பதைக் காண நோயின் பெயர் தேவையில்லை. தேதிகளே போதும்.

வேலை செய்த விதம்

ஷூமன் தம் கைப்பட எழுதிய வீட்டுக் கணக்குப் புத்தகங்கள் பல ஆண்டுகளுக்குக் கிடைத்திருக்கின்றன. அன்றாடச் செலவுத் தொகையும், அன்று எந்தப் படைப்பு எந்த மட்டுக்கு வந்தது என்ற சிறு குறிப்பும் அவற்றில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆவேசம் வந்தால் மட்டும் எழுதுகிறவர் இப்படிக் கணக்கு வைத்திருக்க மாட்டார். முதல் சிம்பொனியை 1841 ஜனவரி 23 முதல் 26 வரை நான்கே நாளில் வரைந்து முடித்தார் என்பதை எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். அந்த வரைவை வாத்தியக் குழுவுக்கு விரித்தெழுத பிப்ரவரி 20 வரை ஆயிற்று என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தொடக்கத்தில் கொம்புகளும் டிரம்பெட்டுகளும் சேர்ந்து முழங்கும் அழைப்பை முதலில் தாழ்ந்த சுருதியில் எழுதியிருந்தார். அக்காலத்து வால்வு இல்லாத கருவிகளில் அதன் சில சுரங்கள் அடைத்துக்கொண்டு ஒலித்தன. ஒத்திகையில் அது தெரிந்ததும் அந்தப் பகுதியை மேலே ஏற்றி எழுதினார். மார்ச் 31 அன்று இசையமைப்பாளர் மெண்டல்சன் இயக்க, லைப்சிக்கில் அந்தச் சிம்பொனி அரங்கேறியது. பரவசம் தந்தது வரைவை. அதை அரங்குக்குக் கொண்டுவந்தது காதும் கைத்தொழிலும்.

1845இல், பெரும் வீழ்ச்சியிலிருந்து மீண்டு வந்த காலத்தில், அவர் கையிலெடுத்தது இசையமைப்பாளர் பாக் கையாண்ட பல்குரல் இலக்கணத்தை. கிளாராவோடு சேர்ந்து அதைப் படித்தார். கால்மிதி இணைத்த பியானோவுக்குப் பயிற்சிகள் எழுதினார். பாக்கின் பெயரெழுத்துகளையே சுரங்களாக்கி ஆறு ஃபியூக்குகள் அமைத்தார். ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் குறித்த இடத்தில் ஏற்றுச் சொல்ல வேண்டும் என்ற கண்டிப்பான விதிக்குள் ஃபியூக் நடக்கிறது. சிதறிய மனத்தைக் கட்டிச் சேர்க்க அவர் நாடிய வழி அந்த ஒழுங்கு. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் சிம்பொனியைத் தொடங்கினார்.

மறுப்புகளும் விடைகளும்

மனஎழுச்சி இருந்த ஆண்டுகளில்தானே அவர் மிக அதிகமாக எழுதினார் என்பது முதல் மறுப்பு. எலியட் ஸ்லேட்டர், ஆல்ஃபிரெட் மெயர் என்ற இரு மருத்துவர்கள் 1959இல் அவருடைய படைப்புகளை ஆண்டுவாரியாக வகுத்துக் காட்டினர். 1840, 1849 ஆகிய இரு ஆண்டுகள் அதில் சிகரங்களாக நிற்கின்றன. உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994இல் அதே கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படைப்பும் எத்தனை முறை ஒலிப்பதிவாகியிருக்கிறது என்பதைத் தரத்தின் அளவுகோலாக்கிப் பார்த்தார். எழுச்சி ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியது. சராசரித் தரம் கூடவில்லை. எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1840இல் பிறந்தவை 130க்கும் மேற்பட்ட பாடல்கள். 1849இல் பிறந்தவற்றில் பெரும்பகுதி வீட்டில் வாசிப்பதற்கான சிறு உருப்படிகளும் சேர்ந்திசைப் பாடல்களும். பாட்டுக்கு ஒன்று, சிம்பொனிக்கும் ஒன்று என்று எண்ணினால் சிறு உருப்படிகள் எழுதிய ஆண்டு உயர்ந்துதான் தெரியும். 1840இல் வெளிக் காரணங்களும் இருந்தன. கிளாராவின் தந்தை திருமணத்தை எதிர்த்து வழக்காடினார். குடும்பம் நடத்த வருவாய் உண்டு என்று ஷூமன் காட்ட வேண்டியிருந்தது. பாடல்கள் பதிப்பாளரிடம் எளிதில் விலைபோயின. செப்டம்பர் 12 அன்று திருமணம் நடந்தது. மகிழ்ச்சியும் தேவையும் ஒருங்கே கூடிய ஆண்டை நோயின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

ஃபுளோரெஸ்டான், யூசெபியஸ் என்று ஒன்றுக்கொன்று எதிரான இரு பெயர்களில் எழுதியது பிளவுண்ட மனத்தின் அடையாளம் அல்லவா என்பது இரண்டாம் மறுப்பு. ஒருவன் கொந்தளிப்பவன், மற்றவன் கனவு காண்பவன். இந்த இரட்டையை ஷூமன் தாம் உயிராக நேசித்த எழுத்தாளர் ஜான் பாலின் நாவல் மரபிலிருந்து எடுத்தார். 1834இல் அவர் தொடங்கிய இசை இதழில் ஒரே படைப்பை இரு கோணத்தில் விமர்சிக்க அது தோதான உத்தியாக இருந்தது. புனைபெயர்கள் பேசுவதைத் தெரிந்தே நடத்துவதும், கேட்க விரும்பாத குரல்கள் 1854இல் காதை நிறைத்ததும் ஒன்றாகா. முன்னது கலை, பின்னது துன்பம். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது அந்தத் துன்பத்துக்குச் செய்யும் அநீதி.

கடும் நோய்க்கு நடுவிலேயே அவர் எழுதியிருக்கிறாரே என்பது மூன்றாம் மறுப்பு. மூன்றிலும் வலுவானது இதுதான். 1854 பிப்ரவரி 17 இரவு, தேவதைகள் சொல்லித் தந்ததாக எண்ணி ஒரு மெட்டைக் குறித்துக்கொண்டார். அடுத்த நாட்களில் அதன்மேல் பியானோ மாறுபாடுகள் எழுதினார். அந்த மெட்டோ சில மாதங்களுக்கு முன் அவரே தம் வயலின் கான்செர்ட்டோவின் மெதுநடைப் பகுதியில் எழுதியதை ஒத்திருக்கிறது. நோய் அவருக்குப் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. அவருடைய சொத்தையே அவருக்கு அந்நியமாக்கித் திருப்பித் தந்தது. எண்டனிக்கில் பியானோ இருந்தது, தாள் இருந்தது, இரண்டு ஆண்டுக்கு மேல் நேரமும் இருந்தது. நோய்தான் ஊற்று என்றால் அங்கே அது பெருகியிருக்க வேண்டும். பாகனினியின் வயலின் உருப்படிகளுக்குப் பியானோத் துணையிசை போன்ற சில பணிகளே அங்கு நடந்தன. நிலப்பட நூலைப் பார்த்து ஊர்ப்பெயர்களை அகரவரிசையில் எழுதிக்கொண்டிருந்தார். 1844இலும் இதுவே நடந்தது: வீழ்ச்சி முற்றியபோது பேனா ஓய்ந்தது.

பிற்காலப் படைப்புகளும் பழியும்

நோயை இசையின் தாயாக்கும் அதே பார்வை, இன்னொரு பக்கம் அதை இசையின் கறையாகவும் ஆக்கியது. 1853 இலையுதிர்காலத்தில் வயலின் கலைஞர் யோவாகிமுக்காக ஷூமன் எழுதிய கான்செர்ட்டோவில் தளர்ச்சி தெரிகிறது என்று கருதி, கிளாராவும் யோவாகிமும் இளைய இசையமைப்பாளர் பிராம்ஸும் அதைத் தொகுப்புப் பதிப்பில் சேர்க்காமல் நிறுத்திவைத்தனர். 1937 நவம்பர் 26 அன்றுதான் பெர்லினில் அது முதன்முதலாக மேடையேறியது. இன்று உலகெங்கும் வயலின் கலைஞர்கள் அதை வாசிக்கிறார்கள். 1853இல் ஷூமன் செல்லோவுக்கு எழுதிய ஐந்து உருப்படிகளைக் கிளாரா 1893இல் எரித்துவிட்டார்; அவற்றை இனி யாரும் கேட்க முடியாது. அவர்கள் செய்தது அன்பினால்தான், அவர் பெயரைக் காக்கத்தான். ஆயினும் எழுதியவரின் நோயறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சுரங்களைப் படித்தால் நேரும் இழப்பு இது. மனநோயோடு இசை செய்யும் எவருக்கும் இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒரே அளவு கொடுமையானவை: நல்லதை எழுதினால் நோயின் கொடை, குறை இருந்தால் நோயின் குற்றம். இரண்டிலும் உழைத்த மனிதர் காணாமல் போகிறார்.

துணையின் இடம்

கிளாரா ஐரோப்பா போற்றிய பியானோக் கலைஞர். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். கணவர் எழுதும் நேரங்களில் தம் பயிற்சியை நிறுத்திவைத்தார்; அவர் விடுதிக்குப் போனபின் கச்சேரி செய்து குடும்பத்தைக் காத்தார். மருத்துவர் தடுத்ததால் 1856 ஜூலை 27 வரை அவரால் கணவரைப் பார்க்க முடியவில்லை. இரண்டே நாளில் ஷூமன் இறந்தார். 1853இல் அந்த வீட்டுக் கதவைத் தட்டிய இருபது வயது பிராம்ஸ், கிளாரா ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஷூமன் விட்டுச் சென்ற அந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்தையும் அவரே எடுத்துத் தொடர்ந்து எழுதினார்.