பார்கோடு ஸ்கேனர் வந்த கதை

ஸ்கேனர் என்றதும் ஒருவருக்கு ஜெராக்ஸ் கடைப் பெட்டி ஞாபகம் வரும், இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேன். 1957-ல் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் போட்டோவை 176க்கு 176 புள்ளிகளாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. ஆனால் வியாபாரத்தையே புரட்டிப் போட்டது என்னவோ, கல்லாவில் 'பீப்' என்று கத்தும் பார்கோடு ஸ்கேனர்தான்!

1948-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மளிகைக் கடை நிறுவனத்தின் தலைவர், டிரெக்சல் கல்லூரி டீனிடம் வந்தார். பில் போடும்போது சரக்கு விவரம் தானாகவே பதிவாக வழி உண்டா என்று கேட்டார். டீன் கைவிரித்துவிட்டார். அதைக் காதில் வாங்கிய பெர்னார்ட் சில்வர், நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் மியாமி கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தார். சாரணராக இருந்தபோது கற்ற மோர்ஸ் குறியீடு நினைவுக்கு வர, மணலில் விரல்களை வைத்துக் கீழே இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாகவும், கோடு தடித்த கோடாகவும் நீண்டன.

1952-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் லேசர் இல்லாத காலம் அது. 500 வாட் பல்பை வைத்துப் படித்தபோது காகிதம் புகைய ஆரம்பித்துவிட்டதாம்! 1962-ல் உரிமையை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டே சில்வர் காலமானார். உலகமே பயன்படுத்தும் ஒன்றுக்கு இது மிகச் சொற்பமான தொகை.

பிறகு லேசர் வந்தது, கம்ப்யூட்டர் விலையும் இறங்கியது. ஆர்.சி.ஏ. நிறுவனம் முயன்ற வட்ட வடிவக் குறியீடு அச்சில் மை இழுபட்டால் படிக்க முடியாமல் போனது. ஐ.பி.எம்.மின் ஜார்ஜ் லாரர் செங்குத்துக் கோடுகளாகப் போட்டார். மை இழுபட்டாலும் கோடு நீளுமே தவிர அகலம் மாறாது. 1973-ல் மளிகைத் துறை இதையே ஏற்றது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் 67 சென்ட் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் ஆனது.

கறுப்புக் கோடு ஒளியை விழுங்கும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். அந்த மாற்றம்தான் எண்களாகிறது. கவனிக்க வேண்டியது, அந்த எண்ணில் விலை கிடையாது. விலை கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சண்டை வந்ததும் இதனால்தான். இனி ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு ஒட்டத் தேவையில்லை என்று முதலாளிகள் மகிழ்ந்தார்கள். அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்றால் யார் கண்டுபிடிப்பது என்று நுகர்வோர் அமைப்புகள் கேட்டன. சீட்டு ஒட்டும் வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன. நியாயமான பயம்தான். மிச்சிகன் மாநிலம் 1976-ல் பொருளுக்குப் பொருள் விலை ஒட்டவேண்டும் என்று சட்டமே போட்டு, 2011-ல்தான் விலக்கிக்கொண்டது. இந்தியாவில் பாக்கெட்டிலேயே எம்.ஆர்.பி. அச்சிட்டிருப்பதால், ஸ்கேனர் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் வாங்குபவரே பார்த்துக் கேட்டுவிடலாம்.