ஸ்கல்லிக்கு நடந்த அநியாயம்

நண்பர்களே, இந்த முறை சரித்திரம் கொஞ்சம் வேறு மாதிரி. ராஜா, போர், உடன்படிக்கை எதுவும் கிடையாது. ஒரு டி.வி. தொடரின் சரித்திரம். 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அந்த அமெரிக்கத் தொடர் எனக்கு உயிர். அதனால்தான் அதன் மேல் இவ்வளவு கோபமும். (கடைசி எபிசோட் வரைக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் இத்துடன் எஸ்கேப் ஆகிவிடுங்கள்!)

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1993 செப்டம்பர் 10-ம் தேதி ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. உருவாக்கியவர் கிறிஸ் கார்ட்டர். எஃப்.பி.ஐ.யில் யாரும் சீண்டாத விநோத வழக்குகளை விசாரிப்பவன் ஃபாக்ஸ் மல்டர் (டேவிட் டுகோவ்னி). 1973-ல் அவனுடைய தங்கை சமந்தா காணாமல் போனாள். வேற்றுக்கிரகவாசிகள்தான் தூக்கிப் போனார்கள் என்று நம்புகிறவன். அவன் மேல் ஒரு கண் வைத்திருக்க மேலதிகாரிகள் அனுப்பும் ஆள்தான் டேனா ஸ்கல்லி (கில்லியன் ஆண்டர்சன்). மருத்துவம் படித்தவள். எதற்கும் ஆதாரம் கேட்பவள்.

வழக்கமாகப் பேய்க் கதை என்றால் பெண் பயந்து நம்புவாள், ஆண் அறிவியல் பேசுவான். கார்ட்டர் இதை வேண்டுமென்றே தலைகீழாக்கினார். அதன் பலன் சாதாரணமானது இல்லை. ஸ்கல்லியைப் பார்த்து அறிவியல், மருத்துவம் பக்கம் போன பெண்களைப் பற்றி 'ஸ்கல்லி விளைவு' என்ற பெயரில் 2018-ல் ஜீனா டேவிஸ் நிறுவனம் ஓர் ஆய்வே வெளியிட்டது. ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

தற்செயலாகக் கிடைத்த கதை

இரண்டாவது சீசன் எடுக்க வேண்டிய நேரத்தில் ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்தார். வேறு நடிகையைப் போடுவதா, கதையை மாற்றுவதா? கதையை மாற்றினார்கள். 1994 அக்டோபரில் ஸ்கல்லி கடத்தப்படுகிறாள். அந்த சீசனில் ஒரே ஒரு எபிசோடில்தான் அவள் இல்லை. நவம்பரில் கோமா நிலையில் ஆஸ்பத்திரியில் திரும்பக் கிடைக்கிறாள். யார் தூக்கினார்கள், என்ன செய்தார்கள் என்பது அவளுக்கே தெரியாது.

நடிகைக்கு லீவு கொடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு, தொடரின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. அதுவரை எல்லாம் மல்டரின் தேடல். இப்போது நம்பாதவளின் உடம்பிலேயே ஆதாரம்! 1995-ல் அவள் கழுத்தில் ஒரு சில்லு இருப்பது தெரிய வருகிறது. அதை எடுத்துவிடுகிறாள். 1997 ஜனவரி 26, சூப்பர் பவுல் ஆட்டம் முடிந்த கையோடு ஓர் எபிசோடைப் போட்டார்கள். பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர். தொடரின் உச்சமே அதுதான். புற்றுக்கட்டியைத் தின்று வாழும் ஒருவன் ஸ்கல்லியை உற்றுப் பார்த்து, தனக்கு வேண்டியது அவளிடம் இருக்கிறது என்கிறான். அந்த ஒரு நொடியில் அவளுக்கும் நமக்கும் சேர்த்தே விஷயம் புரிகிறது. அந்த வருடம் ஆண்டர்சனுக்கு எம்மி விருது கிடைத்தது. கிடைக்காமல் இருந்தால்தான் அதிசயம்!

இதுவரைக்கும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கஷ்டம் அவளுக்கு வந்தாலும், அதை எதிர்கொள்கிறவளும் அவளாகவே இருந்தாள்.

முடிக்கத் தெரியாத வியாபாரம்

ஐந்து சீசனோடு டி.வி.யை விட்டுவிட்டு சினிமாவாகத் தொடரலாம் என்பது கார்ட்டரின் யோசனை. 1998-ல் படமும் வந்தது, உலகம் முழுக்க 18 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆனால் ஓடுகிற தொடரை எந்த சேனலாவது நிறுத்துமா? வான்கூவரில் நடந்துகொண்டிருந்த படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியது, கதை நீண்டுகொண்டே போனது. 1999-ல் லாபப் பங்கு விஷயமாக டுகோவ்னி ஃபாக்ஸ் மீதே வழக்குப் போட்டார். 2000-க்குப் பிறகு முழு நேரமாக நடிக்கவில்லை.

அதே 2000-ல் சமந்தா மர்மத்துக்கு விடை சொன்னார்கள். சிறுமியாக இருந்தபோதே நட்சத்திர ஒளியோடு கலந்துவிட்டாளாம். ஏழு வருடம் காத்திருந்ததற்கு இதுதான் பதில்!

மல்டர் போய்விட்டான், தங்கை கதையும் முடிந்தது. இனி எதை வைத்து வண்டி ஓட்டுவது? மறுபடியும் ஸ்கல்லிதான். பிள்ளை பெற முடியாது என்று சொல்லப்பட்டவள் கர்ப்பமாகிறாள். 2001-ல் வில்லியம் பிறக்கிறான். அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எழுதுகிறவர்களுக்கே தெரியவில்லை போலும், 2002-ல் தத்துக் கொடுக்க வைத்துவிட்டார்கள். அந்த மே 19-ம் தேதி, 202 எபிசோடுகளோடு முதல் ஓட்டம் முடிந்தது.

2018

2016-ல் தொடர் திரும்பி வந்தபோது யார் மகிழவில்லை! 2002-ல் ஏவுகணையில் எரிந்துபோன 'சிகரெட் மனிதன்' உயிரோடு இருந்தான், தொண்டையில் இருக்கும் ஓட்டை வழியாகப் புகை பிடித்துக்கொண்டு. சரி, சிரித்துவிட்டுப் போகலாம். :-)

2018 ஜனவரியில் வந்ததைப் பார்த்து மட்டும் சிரிக்க முடியவில்லை. 2000-ல் வந்த ஓர் எபிசோடில், சிகரெட் மனிதனோடு காரில் போகும் ஸ்கல்லி வேறு உடையில் கண் விழிப்பாள். (அதை எழுதியவர் அந்த வேடத்தில் நடித்த வில்லியம் பி. டேவிஸ்!) பதினெட்டு வருடம் கழித்து அதைத் தோண்டி எடுத்து, அன்றைக்கு மயக்க நிலையில் இருந்த அவளை ஏதோ விஞ்ஞான முறையில் கர்ப்பமாக்கியது அவன்தான் என்றார்கள். அவளுடைய சம்மதம்? அப்படி ஒன்று தேவை என்றே யாருக்கும் தோன்றவில்லை. மார்ச் 21-ம் தேதி வந்த கடைசி எபிசோடில், வில்லியம் தன் பிள்ளையே இல்லை, ஒரு சோதனைதான் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, கையோடு இன்னொரு கர்ப்பத்தையும் அறிவித்தார்கள். இழப்புக்கு ஈடாம்!

இதற்குத் திரைக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. 2017-ல் புதிய சீசனுக்கு எழுதப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்று செய்தி வந்தபோது, அத்தனை வருடத்தில் பெண்கள் இயக்கியவை இரண்டே எபிசோடுகள்தான் என்று ஆண்டர்சனே பகிரங்கமாகச் சொன்னார். 2016-ல் திரும்பி வந்தபோது டுகோவ்னிக்குப் பேசியதில் பாதிச் சம்பளம்தான் தனக்கு முதலில் பேசப்பட்டது என்றும் சொல்லியிருக்கிறார். 2018-ஓடு போதும் என்று விலகிவிட்டார்.

'மர்மத் தொடர் என்றாலே முடிவு சொதப்பும், எதிர்பார்ப்பது உன் தப்பு' என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். 'லாஸ்ட்' தொடருக்கு 2010-ல் முடியும் என்று 2007-லேயே தேதி குறித்தார்கள். அப்படியும் முடிவைத் திட்டினவர்கள் ஏராளம். ஆனால் என் வருத்தம் விடை கிடைக்காததில் இல்லை. வேற்றுக்கிரகவாசி வந்தானா இல்லையா என்பது தெரியாமலே போகட்டும், பரவாயில்லை. நம்பிக்கையை விட ஆதாரம் பெரிது என்று ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் காட்டியவளை, கதை தீர்ந்துபோகும்போதெல்லாம் கர்ப்பமாக்கவும் பறிகொடுக்க வைக்கவும் மட்டுமே பயன்படுத்தினார்கள் பாருங்கள், அதுதான் வலிக்கிறது. 1994-ல் ஒரு நடிகையின் கர்ப்பத்தை மதித்துக் கதையை மாற்றிய அதே குழு, 2018-ல் ஒரு பாத்திரத்தின் கர்ப்பத்தை வெறும் திருப்பமாக்கிவிட்டது.

இதற்காகத் தொடரையே பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். 1995-ல் டாரின் மோர்கன் எழுதிய, சாவை முன்கூட்டியே பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கதையைக் கட்டாயம் பாருங்கள். 1996-ல் எம்மி வாங்கியது. பின்னாளில் 'பிரேக்கிங் பேட்' எடுத்த வின்ஸ் கில்லிகன் தொழில் பழகியதும் இந்தத் தொடரில்தான். முதல் ஐந்து சீசன், 1998 படம், அவ்வளவுதான். அங்கேயே நிறுத்திக்கொண்டால் ஸ்கல்லி இன்னும் தலை நிமிர்ந்துதான் நிற்கிறாள்.

உங்களை இப்படிக் கவிழ்த்த தொடர் எது? எந்த எபிசோடில்? சொல்லுங்கள், சேர்ந்து புலம்புவோம்.