புதுவையில் ஜீவனாம்ச பாத்தியதை

1819-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி பிரெஞ்சு சட்டத் தொகுப்புகளைப் புதுச்சேரியில் அமலுக்குக் கொண்டுவந்த உத்தரவு, ஹிந்துக்களாயினும் கிறிஸ்தவராயினும் முகம்மதியராயினும் இந்தியர் முன்போலத் தத்தம் ஜாதியின் சட்ட வழக்கங்களின்படியே நியாயம் பெறுவர் என்றும் உறுதி கூறியமையால், ஆதரவற்ற தாய்க்குச் சோறு போடவேண்டியவர் யார் என்னும் கேள்விக்கு இவ்வூரில் இரண்டு விடைகள் நெடுங்காலம் அருகருகே நிலவின.

சாவடி என்னும் பழைய நியாயஸ்தலம் பதினெட்டாம் நூற்றாண்டில் தேசவழக்கத்தை விசாரித்துத் தீர்ப்பளித்தது. பின்னர் 1827 அக்டோபர் 30-இல், அத்தகைய வழக்கங்களைப் பற்றி நீதிபதிகளுக்கு அபிப்பிராயம் சொல்லவென்றே இந்தியர் அடங்கிய ஆலோசனைச் சபை ஒன்று நியமிக்கப்பட்டது. தர்மசாஸ்திரத்தின்படி முதிய பெற்றோரையும் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் காப்பாற்றுவது, சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்மகனைச் சேர்ந்த கடன். கூட்டுக் குடும்பத்து விதவையின் ஜீவனாம்சமோ குடும்பச் சொத்தைப் பற்றி நின்றது. சொத்து கரைந்தபின் அவள் கையில் மிஞ்சிய பாத்தியதை மிகச் சொற்பம்.

1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம் வேறொரு வழியிற் சென்றது. பெற்றோர் பிள்ளைகளைப் போஷிக்க வேண்டும் என்று 203-ஆம் ஷரத்தும், பிள்ளைகள் வறுமையுற்ற பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் காக்க வேண்டும் என்று 205-ஆம் ஷரத்தும் விதித்தன. அதற்கடுத்த ஷரத்து மருமகனையும் மருமகளையும் மாமனார் மாமியாருக்குக் கடமைப்பட்டவர்களாக்கியது. அவ்வுறவை உண்டாக்கிய மகளோ மகனோ இறந்து, அவ்விவாகத்திற் பிறந்த குழந்தைகளும் இல்லாமற்போனால் அந்தக் கடமை நீங்கும். இவ்வளவும் ஒருபக்கக் கடனன்று. 207-ஆம் ஷரத்து அதைப் பரஸ்பரமாக்கியதால் மாமனாரும் வறிய மருமகளைக் கைவிட இயலாது. தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கேட்பவரின் தேவையையும் கொடுப்பவரின் வசதியையும் ஒருசேர எடைபோட்டே நீதிபதி நிர்ணயிப்பார். பணம் கொடுக்க வகையில்லை என்று நிரூபிப்பவனை, தன் வீட்டிலேயே வைத்து உண்ணவும் இருக்கவும் இடம் கொடுக்கும்படி 210-ஆம் ஷரத்தின் கீழ் உத்தரவிடலாம் என்ற ஏற்பாடு எனக்குப் பெரிதும் உவப்பானது. ஏழையின் கடமையை மன்னித்துவிடாமல், அவனால் நிறைவேற்றக்கூடிய உருவத்தில் அது மாற்றித் தந்தது.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதிய ஆணை, சொந்த ஜாதி வழக்கத்தைத் துறந்து இச்சட்டத்துக்குட்பட இந்தியருக்கு வழி திறந்தது. மீளமுடியாத அத்துறவு மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. அவ்வாறு துறந்தவர்களே ரெனோன்சான்கள். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டபூர்வமாகி, 1963-இல் ஹிந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் புதுவைக்கு விஸ்தரிக்கப்பட்டபோதும், ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு எழுதப்பட்டது.

தொழிற்பேட்டையும் லாரி முனையமும் எழுந்துள்ள புதுவை மேட்டுப்பாளையத்தில், மகளை இழந்து பேரக்குழந்தையோடு நிற்கும் இரண்டு தாய்மார் அடுத்தடுத்து வசிப்பதாக வைத்துக்கொள்வோம். ரெனோன்சான் குடும்பத்தவள் மருமகனிடம் உரிமையாகக் கேட்கத்தக்க உணவை, அண்டை வீட்டவள் தன் மருமகன் மனமிரங்கினால்தான் பெறமுடியும். உரிமை பெற்றவள் தலைநிமிர்ந்து உண்பாள்; தயவை எதிர்பார்ப்பவள் ஒவ்வொரு வேளையும் குன்றிப்போவாள். அந்த வேற்றுமையை அற்பமென்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

பொதுச் சட்டம் மெதுவாகவே நெருங்கிவந்தது. 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு மனைவியையும் பிள்ளைகளையும் மட்டுமே அறிந்திருந்தது. பெற்றோர் 1974 ஏப்ரலில் அமலான புதிய தொகுப்பின் 125-ஆம் பிரிவிலேதான், மத வேற்றுமையின்றி, இடம்பெற்றனர். மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001 வரை நீடித்தது. மணமான மகளும் பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவளே என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது, பெண்மக்களை மட்டுமே பெற்றவர்களுக்குப் பேருதவி. 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டம், வக்கீல் வைக்காமலே முறையிடத்தக்க தீர்ப்பாயங்களை ஏற்படுத்திற்று; ஆயினும் மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் என்று எல்லை கட்டி, மகன், மகள், பேரன், பேத்தி என்று எண்ணிய வரிசையில் மருமகனை விட்டுவிட்டது. மருமக்களையும் சேர்க்க முனைந்து 2019-இல் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை.