எட்டு-ஆறு

ஜப்பான் மொழியில் ‘ஹாச்சி’ என்றால் எட்டு. ‘ரோக்கு’ என்றால் ஆறு. அந்த ஊர்க் கார் பைத்தியம் யாரிடமாவது ‘ஹாச்சிரோக்கு’ என்று சும்மா சொல்லிப் பாருங்கள். மனுஷன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரியும்!

ஏதோ ஃபெராரி ரேஞ்சுக்குக் கற்பனை செய்துவிடாதீர்கள். 1983-ல் டொயோட்டா வெளியிட்ட கரோலா லெவின், ஸ்பிரிண்டர் ட்ரூனோ என்ற இரட்டையர்கள்தான் அது. கம்பெனி வைத்த குறியீடு ஏஇ86. அதிலிருந்து எண்ணை மட்டும் பிய்த்து எடுத்துச் செல்லப்பெயர் ஆக்கிவிட்டார்கள். 1,587 சி.சி. இன்ஜின், 130 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. சம்பளக்கார இளைஞன் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை. அவ்வளவுதான் ஜாதகம்.

ஆனால், ஒரு விசேஷம் உண்டு. அந்தச் சமயம் கரோலா குடும்பமே முன்சக்கரங்கள் இழுக்கிற வண்டியாக மாறிக்கொண்டிருந்தது. இது மட்டும் பழையபடி பின்சக்கரங்கள் தள்ளுகிற வண்டி. வளைவில் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினால் பாரம் முன்பக்கம் சாயும். பின்சக்கரங்கள் பிடி தளர்ந்து வழுக்கும். சாதாரண ஆசாமி அலறிவிடுவான். கைதேர்ந்தவனோ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதித்து, காரைப் பக்கவாட்டிலேயே வழுக்கவிட்டு வளைவைக் கடந்துவிடுவான். டிரிஃப்ட் என்கிறார்களே, அது இதுதான்.

இந்த வித்தையை ரேஸ் மைதானத்தில் காட்டி அசத்தியவர் குனிமிட்சு தகஹாஷி. 1961-ல் மோட்டார் சைக்கிள் கிராண்ட் ப்ரீயில் ஜெயித்த முதல் ஜப்பானியர், பிறகு காருக்கு மாறினார். அவர் ஓட்டியதைப் பார்த்துச் சொக்கிப்போன இளைஞர்களில் ஒருவர், நாகனோ பகுதிக்காரரான கெய்ச்சி சுச்சியா. பள்ளிக்கூடம்? ஊர் மலைச்சாலைதான்! 1987-ல் இவர் மலைப்பாதையில் ஹாச்சிரோக்குவை ஆட்டிவைத்த ஆட்டம் ‘ப்ளஸ்பி’ என்ற வீடியோவாக வந்தது. பார்த்த பையன்கள் எல்லாம் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராத்திரியில் பொதுச்சாலையில் நடந்த இந்தக் கூத்தில் வீரம் ஒன்றும் கிடையாது. எதிரே காய்கறி ஏற்றிக்கொண்டு வருகிற லாரிக்காரருக்கு இதில் என்ன சம்பந்தம்? பல மலைச்சாலைகளின் வளைவுகளில் வேகத்தடை மேடுகள் போட வேண்டியதாயிற்று.

எனக்கு சுவாரஸ்யமாகப் படுவது மலைமேல் நடந்தது அல்ல. மறுநாள் ஷெட்டில் நடந்தது. வழுக்கி வழுக்கி ஓட்டினால் டயர் தேயும், கியர்பாக்ஸ் பல்லிளிக்கும், ஆக்ஸில் முறியும். பையில் காசு இருக்காது. அப்போது என்ன செய்வான்? நண்பனைத்தான் தேடிப் போவான். ஒருத்தனுக்கு வெல்டிங் தெரியும். இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்தே சுழல விலை உயர்ந்த டிஃபரன்ஷியல் வேண்டும் என்றால், இருப்பதையே பற்றவைத்துக் கொடுத்துவிடுவான். இன்னொருத்தன் வீட்டுப் பின்னால் ஒரு ஓட்டை ஹாச்சிரோக்கு நிற்கும். ஓட்டுவதற்கு அல்ல, பாகங்களைக் கழற்றிக்கொள்ள. ஃபுகுஷிமா பகுதியில் இருக்கும் எபிசு மைதானத்தின் டிரிஃப்ட் திருவிழாக்களிலும் இதே கதைதான். காலையில் பக்கத்துக் காரோடு உரசி ஓட்டியவன், மத்தியானம் அதே காருக்கு அடியில் ஸ்பானரோடு படுத்திருப்பான்.

அந்த ரசிகன் சுச்சியா என்ன ஆனார்? 1995-ல் பிரான்ஸின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டி, தன் பிரிவில் முதலிடம் பிடித்தார். அதே காரை அவரோடு மாறி மாறி ஓட்டிய பார்ட்னர் யார் தெரியுமோ? சாட்சாத் தகஹாஷியேதான்!

அதே 1995-ல்தான் ஷூயிச்சி ஷிகெனோ, ‘இனிஷியல் டி’ என்ற காமிக்ஸ் தொடரை ஆரம்பித்தார். அப்பாவின் டோஃபு கடைக்காக விடியற்காலையில் ட்ரூனோவில் மலையேறி டெலிவரி செய்யும் பையன்தான் ஹீரோ. தொடர் சக்கைப்போடு போட, அடிமாட்டு விலைக்குக் கிடைத்த பழைய கார் எட்டாக்கனி ஆகத் தொடங்கியது. 1987-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. உதிரி பாகங்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனி பட்டியலிலிருந்து காணாமல் போயின. ஒரு சின்ன பாகம் கிடைக்காவிட்டாலும் கார் ஷெட்டிலேயே சமாதி! அப்படியும் சாகாமல் காப்பாற்றியது, அந்தக் கழற்றிக் கொடுக்கும் கூட்டம்தான். பற்றவைத்தார்கள், கடைந்தார்கள், கடன் கொடுத்தார்கள்.

கடைசியில் டொயோட்டாவே இறங்கி வந்தது. உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டதை வைத்து, 2021-ல் ஹாச்சிரோக்குவுக்கான சில பாகங்களை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. முதலில் வந்தவை கண்ணாடியோ அலங்காரமோ அல்ல. முன்சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் நக்கிள் ஆர்ம், பின்சக்கர பிரேக் காலிப்பர்! ஓட்டுவதற்குத்தான் கேட்கிறார்கள் என்று கம்பெனிக்குப் புரிந்திருந்தது.

2025 ஜனவரியில், டோக்கியோ ஆட்டோ சலோனில், அந்தப் பழைய இன்ஜினின் பிளாக்கையும் ஹெட்டையும்கூட மறுபடி தயாரிக்கப் போவதாக அறிவித்தார்கள். அந்தக் கண்காட்சி, கார்களைப் பிரித்து மேய்கிறவர்களுக்காக ‘ஆப்ஷன்’ பத்திரிகையின் டைஜிரோ இனாடா 1983-ல் தொடங்கியது. ஹாச்சிரோக்கு பிறந்த அதே வருஷம்.